இதயக் கோட்டை வரைந்தவர்

வெளிநாட்டு வேலைக்காக ஈசிஜி எடுத்த கோவில்பட்டி இளைஞர் ஒருவர், தாளில் சைனஸ் அரித்மியா என்றிருந்ததைக் கண்டு கலங்கி நம்மிடம் வந்தார். அந்தத் தாளை உலகுக்குத் தந்தவரின் வாழ்வை அறிவோம்.

வில்லெம் ஐந்தோவன் 1860இல் ஜாவாவின் செமராங் நகரில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். தாய் பிள்ளைகளுடன் நெதர்லாந்து திரும்பினார். மருத்துவம் படித்து, 1886இல் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். நோயாளியின் கைகளையும் காலையும் உப்புநீரில் வைத்து, இதயத்தின் மின்னோட்டத்தைக் கோடாகப் பதியும் கருவியை உருவாக்கினார். அலைகளுக்கு அவர் இட்ட பி, க்யூ, ஆர், எஸ், டி என்ற பெயர்களே இன்றும் வழக்கில் உள்ளன. 1924இல் நோபல் பரிசு பெற்றார், 1927இல் மறைந்தார்.

மூச்சை இழுக்கையில் துடிப்பு சற்று விரைவதும், விடுகையில் தணிவதும் இளவயதில் இயல்பு. பெரும்பாலும் அந்த வரி சொல்வது இதைத்தான். மயக்கமோ, குடும்பத்தில் இளவயது திடீர் மரணமோ இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். கோட்டோடு ஆளையும் பார்த்தே அவர் முடிவு சொல்வார்.