குண்டு ஏன் குறி தவறி வளைகிறது? விடை கண்டுபிடித்த பெஞ்சமின் ராபின்ஸ் கடலூரில் மறைந்த கதை

ஏர்சாஃப்ட் துப்பாக்கி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பார்க்க நிஜத் துப்பாக்கி மாதிரியே இருக்கும், ஆனால் வெளியே வருவது 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு. ஜப்பானில் தொடங்கி பல நாடுகளுக்குப் பரவிய விளையாட்டு இது. இதில் விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு போய், அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும் 'செமி ஆட்டோமேட்டிக்' வகைக்குத் தனி மவுசு. அதை வைத்திருப்பவர்களின் பொதுவான புகார் ஒன்றுதான்: குறி சரியா வெச்சாலும் குண்டு ஒரு பக்கமா வளைஞ்சு போகுது.

18-ம் நூற்றாண்டில் நிஜத் துப்பாக்கி தூக்கிய சிப்பாய்களின் பிரச்சினையும் இதேதான். அதற்கு முதன்முதலில் சோதனை செய்து விடை சொன்னவர் பெஞ்சமின் ராபின்ஸ். இங்கிலாந்தில் பிறந்த அவர் உயிர் பிரிந்தது நம் கடலூரில்!

யார் இந்த ராபின்ஸ்?

1707-ல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஒரு எளிய குவேக்கர் குடும்பத்தில் பிறந்தார். போரையும் ஆயுதத்தையும் அடியோடு எதிர்க்கும் கிறிஸ்தவப் பிரிவினர் குவேக்கர்கள். அந்த வீட்டுப் பிள்ளை துப்பாக்கி அறிவியலின் முன்னோடி ஆனது ஒரு விசித்திரம்தான்.

கணிதத்தைப் பெரும்பாலும் தானாகவே படித்துக்கொண்டார். லண்டன் வந்து பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். 1727-ல், வெறும் 20 வயதில், ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நியூட்டனின் கணித முறை மீது விமர்சனம் கிளம்பியபோது, அவருக்காக எழுத்தில் வாதாடினார். பிறகு ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு பாலம், துறைமுகம், கோட்டை எனப் பொறியியல் பக்கம் திரும்பினார்.

வூலிச்சில் புதிதாகத் தொடங்கிய ராணுவ அகாடமியில் பேராசிரியர் வேலைக்கு முயன்றார், கிடைக்கவில்லை. அதற்காகத் தயாரித்த பாடங்களை வளர்த்தெடுத்து, 1742-ல் 'பீரங்கிக் கலையின் புதிய கொள்கைகள்' என்ற புத்தகமாக வெளியிட்டார். சிறிய புத்தகம்தான். ஆனால் குண்டுகள் பற்றி அதுவரை நம்பியதை எல்லாம் அது புரட்டிப்போட்டது.

முதல் கேள்வி: வேகம் எவ்வளவு?

பறக்கும் குண்டின் வேகத்தை அளக்க அன்றைக்கு நல்ல கருவி எதுவும் இல்லை. ராபின்ஸ் ஒரு எளிய வழி கண்டுபிடித்தார். கனமான மரக்கட்டையை ஊசல் மாதிரி தொங்கவிட்டு, அதில் சுட்டார். குண்டு கட்டைக்குள் புதையும், கட்டை பின்னால் ஆடும். எவ்வளவு தூரம் ஆடியது என்பதை, கட்டையில் கட்டிய ஒரு நாடாவை வைத்து அளந்தார். குண்டின் எடையும் கட்டையின் எடையும் தெரியும் என்பதால், வேகத்தைக் கணக்குப் போட்டுவிடலாம்.

மஸ்கெட் துப்பாக்கியின் குண்டு நொடிக்கு 1,600 அடிக்கு மேல் பாய்ந்தது. அந்த வேகத்தில் காற்று கொடுக்கும் எதிர்ப்பு, குண்டின் எடையைப் போல நூறு மடங்குக்கும் அதிகம் என்று தெரிந்தது. காற்றைப் பெரிதாகக் கணக்கில் எடுக்காமல் அதுவரை போட்ட கணக்கெல்லாம் அடிபட்டுப் போனது.

வளைந்த குழல் சொன்ன விடை

சரி, வேகம் தெரிந்துவிட்டது. பக்கவாட்டில் ஏன் போகிறது? சுடுபவரின் கை நடுக்கமாக இருக்குமோ? ராபின்ஸ் துப்பாக்கியை அசையாமல் பொருத்திவிட்டு, வெடிமருந்தின் அளவையும் மாற்றாமல் சுட்டுப் பார்த்தார். அப்போதும் ஒரு குண்டு இடப்பக்கம் போனது, இன்னொன்று வலப்பக்கம் போனது. ஆக, தப்பு கையில் இல்லை.

குண்டு குழலை விட்டு வரும்போது உள்சுவரில் ஏதோ ஒரு பக்கம் உரசுகிறது. அந்த உரசலில் சுழலத் தொடங்குகிறது. சுழலும் குண்டை காற்று ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. இதுதான் அவர் சந்தேகம். எப்படி நிரூபிப்பது?

ஒரு குழலின் முனையை லேசாக இடப்பக்கம் வளைத்தார். மெல்லிய காகிதத் திரைகளை வரிசையாகத் தொங்கவிட்டு, அவற்றின் ஊடாகச் சுட்டார். இடப்பக்கம் வளைத்த குழலில் குண்டு வலப்பக்கச் சுவரில் உரசியபடிதான் வெளியே வரும். பார்ப்பவர்கள், குண்டு இடப்பக்கம் போகும் என்றுதான் எதிர்பார்ப்பார்கள். முதலில் அப்படித்தான் போனது. போகப் போக வலப்பக்கம் திரும்பி, நேர்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. திரைகளில் விழுந்த ஓட்டைகளே சாட்சி.

சுருக்கமாகச் சொன்னால், குண்டின் எந்தப் பக்கம் உரசுகிறதோ, அந்தப் பக்கமே அது வளையும்.

ராயல் சொசைட்டி உறுப்பினர்கள் முன்பு இதை இன்னும் எளிமையாகக் காட்டினார். இரட்டைக் கயிற்றில் ஒரு மரப்பந்தைக் கட்டி, கயிற்றை முறுக்கி, ஊசலாக ஆட விட்டார். முறுக்கு பிரியப் பிரிய பந்து சுழன்றது. சுழலச் சுழல நேராக ஆடாமல் பக்கவாட்டில் விலகியது. 1746-ல் சொசைட்டியின் உயரிய விருதான காப்லி பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

தீர்வையும் அவரே சொன்னார். குண்டு சுழல்வதைத் தடுப்பது கஷ்டம். எந்தத் திசையில் சுழல வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கலாம். குழலுக்குள் திருகு வரி வெட்டிய ரைஃபிள் அதைத்தான் செய்கிறது. பாயும் கோட்டையே அச்சாக வைத்துச் சுழல்வதால் குண்டு ஒரு பக்கமாக இழுபடாது. ரைஃபிள் அப்போதே இருந்தது. ஆனால் குண்டு ஏற்ற நேரம் பிடிக்கும் என்பதால் படைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இதைப் புரிந்துகொண்டு முதலில் பயன்படுத்தும் நாட்டுக்குப் போர்க்களத்தில் பெரிய பலம் கிடைக்கும் என்று 1747-லேயே எச்சரித்தார். ரைஃபிள் பரவலாகப் படைகளுக்கு வர இன்னும் ஒரு நூற்றாண்டு ஆனது.

ஆய்லரே ஏற்கவில்லை

அக்காலத்தின் மாபெரும் கணித மேதை லியோன்ஹார்ட் ஆய்லர். அவரது புத்தகம் ஒன்றை 1739-ல் ராபின்ஸ் விமர்சித்திருந்தார். அதை மனதில் வைத்துக்கொள்ளாமல், 1745-ல் ராபின்ஸின் புத்தகத்தை ஆய்லரே ஜெர்மனில் மொழிபெயர்த்து, நீண்ட விளக்கமும் எழுதினார். ஆனால் இந்தச் சுழற்சி விஷயத்தை மட்டும் ஏற்கவில்லை. குண்டு சரியான உருண்டையாக இல்லாததால்தான் விலகுகிறது என்றார். அவ்வளவு பெரியவர் சொன்ன பிறகு மறுத்துப் பேச யார் இருக்கிறார்கள்?

கடலூருக்கு வந்தது ஏன்?

1746-ல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. கிழக்கிந்திய கம்பெனி தலைமையிடத்தைக் கடலூரின் புனித டேவிட் கோட்டைக்கு மாற்றியது. 1749-ல் சென்னை திரும்பக் கிடைத்ததும், கோட்டைகளைப் பலப்படுத்த ஆள் தேடினார்கள். ராபின்ஸ் தலைமைப் பொறியாளராக நியமிக்கப்பட்டார்.

1750 ஜூலையில் வந்து இறங்கினார். சென்னைக்கும் கடலூருக்கும் கோட்டை வரைபடங்கள் போட்டார். சில மாதங்களிலேயே காய்ச்சல் கண்டது. எழுந்தார், மறுபடி படுத்தார். 1751 ஜூலை 29-ல் இறந்தபோது வயது 44. திருமணம் செய்துகொள்ளவில்லை. அவர் பலப்படுத்த வந்த கடலூர் கோட்டையை 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்தார். தேவனாம்பட்டினம் பக்கம் அதன் மிச்சங்கள் இன்றும் இருக்கின்றன.

இன்றைக்கு என்ன பயன்?

ஏர்சாஃப்டில் 'ஹாப்-அப்' என்ற ரப்பர் அமைப்பு உண்டு. அது குண்டின் மேற்பக்கத்தை உரசும். மேலே உரசினால் குண்டு மேல்நோக்கி இழுபடும், சீக்கிரம் கீழே விழாது. ராபின்ஸ் விதிதான்! உரசல் அதிகமானால் குண்டு மேலே ஏறிப் பிறகு விழும், குறைந்தால் பாதியிலேயே விழும். எப்போதும் வலப்பக்கமே வளைந்தால், ரப்பர் வலப்பக்கம் சாய்ந்திருக்கலாம், அல்லது அங்கே அழுக்கு படிந்திருக்கலாம். ஒருமுறை இப்படி, ஒருமுறை அப்படி என்றால், குழலைச் சுத்தம் செய்து, நல்ல குண்டு போட்டுப் பார்க்க வேண்டும். வாயுவில் இயங்கும் வகையாக இருந்தால், வேகமாகச் சுடும்போது வாயு குளிர்ந்து அழுத்தம் குறையும். கொஞ்சம் இடைவெளி விட்டுச் சுட வேண்டும். ராபின்ஸ் செய்தது போல ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால்தான் காரணம் பிடிபடும்.

கிரிக்கெட்டில் சுழல்பந்து காற்றிலேயே விலகுவதற்கும், கால்பந்தில் ஃப்ரீ கிக் சுவரைச் சுற்றி வளைவதற்கும் காரணம் இதுவே. பாடப்புத்தகத்தில் இதற்கு 'மேக்னஸ் விளைவு' என்று பெயர். 1852-ல் இதை ஆராய்ந்த ஜெர்மன் இயற்பியலாளர் மேக்னஸின் பெயர் அது. கடலூரில் ராபின்ஸ் இறந்து அப்போது 101 ஆண்டுகள் ஆகியிருந்தன.