ஒராங்கியின் சந்துகளில் நடந்த முதியவர்

கராச்சியின் வடமேற்கில் ஒராங்கி என்றொரு பகுதி. அதன் பெரும்பகுதியை யாரும் திட்டமிட்டு உருவாக்கவில்லை. 1971இல் வங்காளதேசம் பிரிந்தபோது அங்கிருந்து வந்த பீகாரி மக்களும் பிழைப்புத் தேடி வந்த மற்றவர்களும் தரகர்களிடம் மனை வாங்கித் தாங்களே வீடு கட்டிக்கொண்டார்கள். வீடு இருந்தது, சாக்கடை இல்லை. கழிவுநீர் சந்தின் நடுவே தேங்கியது. அங்கேதான் பிள்ளைகள் விளையாடினார்கள்.

1980இல் அந்தச் சந்துகளுக்கு வந்தவர் அக்தர் ஹமீத் கான். நகரத் திட்டமிடல் படிக்கும் எனக்குப் பாடத்தில் வரும் பெரிய கட்டடக் கலைஞர்களைவிட இவரைத்தான் பிடிக்கும். இத்தனைக்கும் இவர் பொறியாளர்கூட இல்லை.

1914இல் ஆக்ராவில் பிறந்தவர், ஆங்கிலேயர் காலத்து ஐசிஎஸ் அதிகாரியாக வங்காளத்தில் பணியாற்றினார். 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தை அரசு கையாண்ட விதம் அவர் மனத்தை உலுக்கியது. 1945இல் பதவியை விட்டார். பிறகு அலிகார் அருகே ஒரு கிராமத்தில் கூலியாளாகவும் பூட்டுத் தொழிலாளியாகவும் வாழ்ந்தார். (எங்கள் வீட்டில் யாராவது அரசாங்க வேலையை இப்படி விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.) பின்னர் கொமில்லாவில் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களை வளர்த்தார். அதற்காக 1963இல் மகசேசே விருது கிடைத்தது.

ஒராங்கிக்கு வந்தபோது அவருக்கு வயது 65. பல மாதங்கள் சந்து சந்தாக நடந்து மக்களிடம் பேசினார். சாக்கடையை அரசுதான் இலவசமாகக் கட்டித்தர வேண்டும் என்றார்கள் மக்கள். அரசோ செலவு அதிகம் என்றது. ஏன் அதிகம் என்று கான் கணக்குப் பார்த்தார். குத்தகைக்காரர் லாபம், கைமாறும் கமிஷன், தேவைக்கு மீறிய வடிவமைப்பு. இவற்றைக் கழித்தால் ஒரு வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் கழிப்பறையும் சந்துக் குழாயும் அமைத்துவிடலாம்.

இருபது முப்பது வீடுகள் உள்ள ஒரு சந்து ஒன்றுகூட வேண்டும். தங்களுக்குள் ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்து, பணம் திரட்டி, வேலையையும் அவர்களே பார்க்க வேண்டும். கானின் திட்டக் குழு நில அளவை, வரைபடம், அச்சுகள், ஆலோசனை எல்லாம் கொடுத்தது. பணம் மட்டும் கொடுக்கவில்லை. பின்னாளில், வீட்டுக்கான சிமெண்டுக் கற்களைச் செய்து விற்கும் சிறு பட்டறைகளுக்குக் கடன் கிடைக்கச் செய்து, கற்களின் தரத்தையும் உயர்த்தியது.

வீவக வீட்டில் வளர்ந்த எனக்கு இங்கே ஒரு நெருடல். மற்றவர்களுக்கு அரசு செய்வதை ஏழை மட்டும் ஏன் தன் பணத்தில் செய்துகொள்ள வேண்டும்? கான் அரசை முழுவதும் விட்டுவிடவில்லை. சந்துக்குள் உள்ளது மக்கள் பொறுப்பு, பெரிய வடிகாலும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு என்று பிரித்தார். இது முழு நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அரசு வரும்வரை காத்திருப்பதற்கான விலையை அந்தப் பிள்ளைகள் நோயாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எதிர்ப்பும் இருந்தது. முதுமையில் மதநிந்தனை வழக்குகளைக்கூட அவர் சந்திக்க நேர்ந்தது. 1999 அக்டோபரில் அமெரிக்காவில் காலமானார். அதற்குள் ஏறத்தாழ 6,000 சந்துகளில் 90,000 வீடுகள் குழாயோடு இணைந்திருந்தன. அவர் உடலை ஒராங்கிக்குக் கொண்டுவந்து, திட்ட அலுவலக வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள்.