சிகரம் எட்டாத பயணம்

1802ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள். இன்றைய ஈக்வடார் நாட்டிலுள்ள சிம்பொராசோ மலையில் நால்வர் ஏறிக்கொண்டிருந்தனர். உலகின் மிக உயர்ந்த மலை அதுவே என அக்காலத்தில் ஐரோப்பியர் பலர் நம்பினர். சுமை தூக்கி வந்தோர் பனி தொடங்கும் இடத்திலேயே திரும்பிவிட்டனர். கூரிய கற்கள் நிறைந்த குறுகலான முகட்டில், சிற்சில இடங்களில் கைகளையும் ஊன்றித் தவழ வேண்டியிருந்தது. மூச்சு முட்டியது, தலை சுற்றியது, ஈறுகளில் குருதி கசிந்தது. அந்நிலையிலும் ஒருவர் காற்றழுத்தமானியைப் பார்த்து உயரத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். அவரே அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட்.

1769ஆம் ஆண்டு பெர்லினில் பிறந்த ஹம்போல்ட், சுரங்கவியல் கற்று அரசின் சுரங்க அதிகாரியாகப் பணியாற்றினார். தாயின் மறைவுக்குப்பின் கிடைத்த பெருஞ்செல்வத்தை அளவைக் கருவிகளுக்கும் பயணத்திற்குமே செலவிட்டார். 1799இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் எய்மே போன்பிளானுடன் தென் அமெரிக்காவிற்குக் கப்பலேறினார். சிம்பொராசோவிலும் போன்பிளான் உடனிருந்தார்.

சிகரத்தை அவர்கள் அடையவில்லை. கடக்கவியலாத ஆழ்ந்த பிளவொன்று வழிமறித்தது. ஹம்போல்ட்டின் கணக்குப்படி அவர்கள் நின்ற இடம் ஏறத்தாழ 5,880 மீட்டர் உயரம். சிகரமோ 6,263 மீட்டர். எஞ்சியது நானூறு மீட்டருக்கும் குறைவே!

ஆயினும் அவர் வெறுங்கையுடன் இறங்கவில்லை. ஆண்டிஸ் மலைத்தொடரில் பல மாதங்கள் ஏறி இறங்கியவர் அவர். அடிவாரத்தில் பனைவகைகளும் வாழையும். மேலே மரப் பெரணிகளும் சின்கோனாவும். அதற்கும் மேலே குறுஞ்செடிகள், பிறகு புல்வெளி, முடிவில் பாறையை ஒட்டிய லைக்கன்கள், பனி. நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் நோக்கிச் செல்பவர் காணும் மாற்றங்களை ஒரே மலைச்சரிவு காட்டுவதை அவர் உணர்ந்தார். தாவரங்களைத் தனித்தனியே பெயரிட்டு வகைப்படுத்துவதே பெரும்பணியாக இருந்த காலம் அது. அவரோ, ஒரு செடி எந்த உயரத்தில், எத்தகைய வெப்பத்தில், எவற்றோடு சேர்ந்து வாழ்கிறது என்று வினவினார்.

அவ்வினாவின் விடையை அவர் ஒரே படமாக வரைந்தார். முதல் வரைவு 1803இல் குவயாகில் துறைமுகத்தில் உருவாயிற்று; 1807இல் பாரிசில் அச்சேறியது. நெடுக்காக வெட்டிக் காட்டிய மலையின்மேல் தாவரங்களின் பெயர்கள் அவை வளரும் உயரத்திலேயே எழுதப்பட்டிருந்தன. இருபுறமும் வெப்பநிலை, காற்றழுத்தம், விலங்குகள், வானின் நீலத்தின் அளவுகூட இடம்பெற்றன.

ஆண்டிஸ் மலையில் கண்டதை இமயத்தில் ஒப்பிட்டுப் பார்க்க அவர் பெரிதும் விழைந்தார். அதற்குக் கிழக்கிந்திய நிறுவனத்தின் இசைவு தேவைப்பட்டது. பலமுறை முயன்றும் அது கிடைக்கவில்லை. குடியேற்ற ஆட்சியின் கொடுமைகளையும் அடிமை முறையையும் அவர் நூல்களில் வெளிப்படையாகக் கண்டித்தமையே காரணம் என்று கருதுவர். 1829இல், அறுபதை நெருங்கிய வயதில், உருசியா வழியாக அல்தாய் மலைகள் வரை சென்றார். இமயத்தை மட்டும் காணவேயில்லை.

1848இல் ஜோசப் டால்டன் ஹூக்கர் என்னும் இளம் தாவரவியலாளர் சிக்கிம் மலைகளில் ஏறத் தொடங்கினார். இமயத்தில் எவற்றை நோக்க வேண்டும், எவற்றை அளக்க வேண்டும் என்று அவருக்கு அறிவுரை வழங்கியவர்களுள் முதியவரான ஹம்போல்ட்டும் ஒருவர்.