கரும்பு வெங்கட்ராமன்

பொங்கலுக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கிய கரும்பைப் பிளந்ததும் உள்ளே சிவந்து, புளித்த வாடை அடித்தால் அது செவ்வழுகல் நோயாக இருக்கலாம். பூஞ்சையின் வேலை! நோயுள்ள கரணையை நட்டால் அடுத்த பயிரும் பாழ்.

1884-ல் பிறந்த டி.எஸ். வெங்கட்ராமன், 1912-ல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பர் என்ற ஆங்கிலேய விஞ்ஞானிக்கு உதவியாளராகச் சேர்ந்தார். பின்னர் அதற்கே தலைவரானார். ஏரிக்கரையில் வெள்ளைப் பூவோடு ஆடும் நாணலைப் பார்த்திருப்பீர்களே, அதுவும் கரும்பின் உறவுதான்! இனிப்பு கிடையாது, ஆனால் முரட்டுப் பயிர். அதன் மகரந்தத்தை 'வெள்ளை' என்ற நம்மூர்க் கரும்போடு சேர்த்ததில் பிறந்தது 'கோ 205'. ('கோ' என்றால் கோயம்புத்தூர்!) 1918-ல் அது பஞ்சாப் வயல்களுக்குப் போனது.

நாணல் ரத்தம் ஓடிய பல ரகங்கள் நோயைத் தாங்கின. பூஞ்சை சும்மா இருக்குமா? அதுவும் தன்னை மாற்றிக்கொண்டது. 1930-களின் கடைசியில் பீகார் பக்கம் 'கோ 213' ரகமே செவ்வழுகலில் வீழ்ந்தது. வெங்கட்ராமன் 1963-ல் மறைந்தார். கோவையில் இன்றும் புதுக் கரும்புகளுக்கு வேண்டுமென்றே அந்தப் பூஞ்சையை ஏற்றி, எது தாங்குகிறது என்று சோதிக்கிறார்கள்.