மலையேறிய இரசக்குழாய்

விண்கப்பல் கதைகளை வாசிக்கும் நம் பிள்ளைகள் கிலோபஸ்கால் என்ற சொல்லைக் கண்டிருக்கலாம். அமுக்கத்தை அளக்கும் அலகுக்கு 1971இல் சூட்டப்பட்ட அப்பெயர், பிளேஸ் பஸ்கால் என்னும் கத்தோலிக்க அறிஞருடையது.

அன்னார் 1623இல் பிரான்சின் கிளேர்மோன் நகரில் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்தார். வாழ்நாளின் பெரும்பகுதி நோயோடே கழிந்தது.

ஒருமுனை மூடிய குழாயில் இரசத்தை நிரப்பி, இரசத்தொட்டியில் தலைகீழாக நிறுத்தினால் அது முழுவதும் வடிந்துவிடுவதில்லை. அதைத் தாங்குவது காற்றின் பாரமே என்று பஸ்கால் கருதினார். அப்படியாயின் மலைமேல் இரசம் இறங்கவேண்டும் அல்லவா? பரிசிலிருந்த அவர், ஊரிலிருந்த அக்காள் கணவர் பெரியேயிடம் அவ்வேலையை ஒப்படைத்தார். 1648 செப்டெம்பர் 19ஆம் நாள் பெரியே பியூய் டி டோம் மலையில் ஏறினார். உச்சியில் இரசம் 3 அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தது. பன்விலவிலிருந்து மேல்தோட்டங்களுக்கு பஸ் ஏறுகையில் நம் காது அடைப்பதும் இந்த அமுக்கக் குறைவினாலேயே. அடிவாரத்து மடத்தில் இன்னொரு குழாயைத் துறவி ஒருவர் பகல் முழுவதும் பார்த்திருந்தார். அது அசையவில்லை. மலையேறியவர்களைவிட இத்துறவியின் பொறுமையே பெரிது என்போம். அவர் இல்லாவிடில், காலநிலை மாறியதால் இரசம் இறங்கிற்று என்று எவரும் மறுத்திருக்கலாம்.

யேசுசபையாரோடு பஸ்கால் நடத்திய எழுத்துப்போர் வேறு கதை. 1662இல், அவர் தம் வீட்டில் இடங்கொடுத்திருந்த ஏழைக் குடும்பத்தின் பிள்ளைக்குப் பெரியம்மை கண்டது. பிள்ளையை வெளியேற்ற மனமின்றி, நோயாளியான அவரே வெளியேறி அக்காள் வீட்டுக்குப் போனார். அங்கேயே ஓகஸ்ட் 19ஆம் நாள், 39 வயதில் இறந்தார்.