புகையோடு போராடிய பிராங்க்ளின்

மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று உலகுக்குக் காட்டியவர் பெஞ்சமின் பிராங்க்ளின். 1752-ம் ஆண்டில் அவர் பட்டம் விட்ட கதையைப் பலரும் அறிவார்கள்.

அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அவர் வேறொரு நெருப்பை அடக்க முயன்றார். அது, வீட்டுக்குள் எரியும் விறகு நெருப்பு!

குளிர் நாடுகளில் அடுப்பு சமையலுக்கு மட்டும் அல்ல. பனிக்காலத்தில் உயிர் வாழவே வீட்டுக்குள் நெருப்பு வேண்டும். அதற்குக் கணப்பு என்று பெயர். சுவரில் பெரிய மாடம் போல் கட்டியிருப்பார்கள். அதில் விறகுக் கட்டைகள் எரியும். மேலே புகைபோக்கி இருக்கும். அந்தக் கணப்போடு பிராங்க்ளின் ஏறக்குறைய 50 ஆண்டுகள் போராடினார்.

ஓடிவந்த சிறுவன்

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில், 1706-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி பெஞ்சமின் பிறந்தான். தந்தை மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்பவர். அவருக்கு 17 பிள்ளைகள். பெஞ்சமின் 15-வது பிள்ளை.

பத்து வயதோடு பள்ளிப் படிப்பு நின்றது. மெழுகுவர்த்திக்குத் திரி வெட்டுவதே வேலை ஆயிற்று. 12 வயதில் அண்ணனின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகச் சேர்ந்தான். பகல் முழுவதும் அச்சு வேலை. இரவில் இரவல் புத்தகம். அண்ணன் கோபக்காரர். அடியும் விழுந்தது. 17 வயதில் பெஞ்சமின் ஊரை விட்டே ஓடினான்.

பிலடெல்பியா நகரில் வந்து இறங்கியபோது அவன் கையில் சில காசுகளே இருந்தன. ரொட்டியைத் தின்றுகொண்டே தெருவில் நடந்தான். அந்த ஊர்தான் அவனைப் பெரிய மனிதன் ஆக்கியது.

உழைப்பு வீண் போகவில்லை. அச்சுக்கூடம் வந்தது. 1729-ல் "பென்சில்வேனியா கெஜட்" பத்திரிகை சொந்தமாயிற்று. ஊரில் பிராங்க்ளின் சொல்லுக்கு மதிப்பும் வந்தது.

கிழவர் எழுதிய கடிதம்

அந்த நாளில் பிலடெல்பியா மக்களுக்கு நெருப்பு என்றால் பயம். விறகு எரிய எரிய, புகைபோக்கியின் உள்ளே கரி படியும். ஒரு நாள் அந்தக் கரியே தீப்பிடிக்கும். பொறி பறந்து பக்கத்து வீட்டுக் கூரையில் விழும். தவறு செய்தவன் ஒருவன். வீடு இழப்பவன் வேறொருவன்!

1735-ம் ஆண்டு, பிராங்க்ளின் பத்திரிகையில் ஒரு கடிதம் வெளிவந்தது. வயது முதிர்ந்த ஒருவர் எழுதியதுபோல் அது இருந்தது. உண்மையில் எழுதியவர் பிராங்க்ளினே! அவருக்கு வயது 29.

எரியும் தணலை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குத் திறந்தபடி எடுத்துப் போகாதீர்கள், மூடிய பாத்திரத்தில் கொண்டு போங்கள் என்று அதில் அறிவுரை சொன்னார்.

அதோடு நிற்கவில்லை. சட்டமும் வேண்டும் என்றார். கணப்பின் முன்தளம் குறுகலாக இருக்கக்கூடாது. கணப்பின் ஓரத்தில் மரச்சட்டம் அடிக்கக்கூடாது. புகைபோக்கி துடைக்கும் தொழில் நடத்துகிறவர்களுக்கு நகர மேயர் லைசென்சு கொடுக்க வேண்டும். துடைத்த 15 நாட்களுக்குள் புகைபோக்கி தீப்பிடித்தால், துடைத்தவரே அபராதம் கட்ட வேண்டும். இவை அவர் கேட்ட விதிகள்.

மறு ஆண்டே ஊர் இளைஞர்கள் சுமார் 30 பேரைத் திரட்டி, தீயணைப்புச் சங்கம் அமைத்தார். ஒவ்வொருவரும் தோல் வாளிகளைத் தயாராக வைத்திருக்க வேண்டும். தீ என்ற குரல் கேட்டதும் ஓடிவர வேண்டும். சம்பளம் கிடையாது.

விறகுப் பஞ்சம்

அடுத்த தொல்லை விறகு. வெள்ளையர் குடியேறிய புதிதில் வாசலிலேயே காடு இருந்தது. வெட்டினார்கள், வெட்டினார்கள், வெட்டிக்கொண்டே இருந்தார்கள். பிராங்க்ளின் காலத்தில் சில ஊர்களுக்கு ஏறக்குறைய 100 மைல் தூரத்திலிருந்து விறகு வந்தது. விலை ஏறியது. பனிக்காலத்தில் ஏழைகளின் பாடு திண்டாட்டம் ஆயிற்று.

அவ்வளவு விறகு எரித்தும் பயன் என்ன? வெப்பத்தில் பெரும் பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போயிற்று. கணப்பின் முன் உட்கார்ந்தால் முகம் வெந்தது, முதுகு விறைத்தது.

பிராங்க்ளின் யோசித்தார். 1742-ல் இரும்புத் தகடுகளால் ஓர் அடுப்பு அமைத்தார். அதைக் கணப்பின் உள்ளேயே வைக்கலாம். பின்னால் ஓர் இரும்புப் பெட்டி. வெளிக்காற்று அதில் புகுந்து, சூடாகி, அறைக்குள் வரும். புகையோ பெட்டிக்கு மேலே ஏறி, பின்புறம் கீழே இறங்கி, பிறகுதான் புகைபோக்கிக்குப் போகும். போகும் வழியில் தன் வெப்பத்தை இரும்புக்குக் கொடுத்துவிடும். தன் அறை முன்னைவிட இரண்டு மடங்கு சூடாக இருக்கிறது, விறகோ முன்பு எரித்ததில் கால் பங்குதான் ஆகிறது என்று அவர் கணக்குச் சொன்னார்.

1744-ல் இந்த அடுப்பைப் பற்றி ஒரு சிறு நூலும் அச்சிட்டார்.

வேண்டாம் என்றார்

கவர்னருக்கு அடுப்பு மிகவும் பிடித்துவிட்டது. பிராங்க்ளின் ஒருவரே அதை விற்கலாம் என்று உரிமை கொடுக்க முன்வந்தார். உரிமையை வாங்கியிருந்தால் பணம் குவிந்திருக்கும்.

பிராங்க்ளின் மறுத்துவிட்டார்! பிறர் கண்டுபிடித்த பொருள்களால் நாம் சுகப்படுகிறோம். நம் கண்டுபிடிப்பையும் பிறருக்கு இலவசமாகவே தரவேண்டும் என்பது அவர் கொள்கை. லண்டனில் ஓர் இரும்பு வியாபாரி அந்த நூலைப் பார்த்து, சிறு மாறுதல் செய்து, உரிமை வாங்கிப் பணம் சேர்த்தார். பிராங்க்ளின் அவரோடு வழக்குக்குப் போகவில்லை.

அடுப்பில் குறை

ஆனால், அடுப்பில் ஒரு குறை இருந்தது. புகையின் குணம் மேலே போவது. அதைக் கீழே இறங்கச் சொன்னார் பிராங்க்ளின். நெருப்பு நன்றாக எரியும்போது புகை சொன்னபடி கேட்டது. நெருப்பு தணிந்ததும் திரும்பி அறைக்குள் வந்தது!

பிற்காலத்தில் டேவிட் ரிட்டன்ஹவுஸ் என்ற அறிஞர், புகை நேராக மேலே போகும்படி குழாயைத் திருத்தினார். இன்று பிராங்க்ளின் அடுப்பு என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் இப்படித் திருத்தப்பட்டவையே.

பிராங்க்ளினும் விடவில்லை. லண்டனில் வாழ்ந்தபோது நிலக்கரிப் புகையைக் கண்டார். 1771-ல் தன் புகையைத் தானே எரித்துவிடும் அடுப்பு ஒன்றை அமைத்தார். 1785-ல், 79 வயதில் பிரான்சிலிருந்து கப்பலில் திரும்பும்போதும் புகையைப் பற்றியே எழுதினார். வீட்டில் புகை சூழ்வதற்கு 9 காரணங்களை விளக்கினார். அதில் ஒன்று கவனிக்கத்தக்கது. நம் வீட்டில் நெருப்பே மூட்டாவிட்டாலும், அயல் வீட்டுப் புகை நம் புகைபோக்கி வழியே உள்ளே இறங்கிவிடும்!

1790-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி, 84 வயதில் பிராங்க்ளின் காலமானார்.

இன்றும் தீராத வழக்கு

பின்னர் நிலக்கரியும் எண்ணெயும் வந்தன. விறகு ஒதுங்கியது. 1973-ல் எண்ணெய் விலை ஏறியதும் அமெரிக்காவில் பலர் மீண்டும் விறகு அடுப்புக்குத் திரும்பினார்கள். மலை சூழ்ந்த ஊர்களில் பனிக்கால இரவுகளில் புகை தேங்கி நின்றது. விறகுப் புகையில் உள்ள நுண்ணிய தூள் நுரையீரலுக்கும் இதயத்துக்கும் கேடு செய்யும் என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள்.

அரசாங்கம் தலையிட்டது. புதிய சாதாரண அடுப்பு ஒரு மணி நேரத்தில் வெளிவிடும் புகைத்தூள் 7.5 கிராமுக்கு மேல் போகக்கூடாது என்று 1988-ல் வந்த விதிகள் எல்லை கட்டின. 2020-ல் அந்த எல்லை, சோதிக்கும் முறைக்கு ஏற்ப 2 அல்லது 2.5 கிராமாகக் குறைந்தது. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் காற்று கெட்ட பனிக்கால நாட்களில் விறகு எரிக்கவே கூடாது என்று 2008-ல் விதி வந்தது.

என் வீட்டு நெருப்பை யார் கேட்பது என்று சிலர் கோபித்தார்கள். ஆனால், அடுப்புதான் அவரவர் வீட்டுக்குச் சொந்தம். புகை ஊருக்கெல்லாம் பொது. நல்ல அடுப்பும் வேண்டும், நல்ல விதியும் வேண்டும். இரண்டையும் கேட்டவர், பத்து வயதில் பள்ளியை விட்ட அந்த மெழுகுவர்த்திக்காரர் மகன்!