சுண்டெலியின் மூளையில் விடை தேடியவர்

ஏரியும் நஞ்சையும் சூழ்ந்த நம் உத்திரமேரூர்ப் பகுதியில் மூளைக்காய்ச்சல் என்றாலே தாய்மார் நடுங்குவர். வயல் நீரில் பெருகும் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நம் நாட்டில் முதன்முதலாக 1955இல் நோயாளிகளிடம் கண்டறியப்பட்டது வேலூரில்தான். இத்தகைய வைரஸ்களை அடையாளம் காண ஆய்வாளர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தது வெள்ளைச் சுண்டெலிகளையே. அம்முறையை நிலைநாட்டியவர்களுள் ஒருவர் மாக்ஸ் தைலர்.

இவர் 1899இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் பிறந்தார். தந்தையார் புகழ்பெற்ற கால்நடை மருத்துவ அறிஞர். மகனோ லண்டனில் மருத்துவம் பயின்று, 1922இல் அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டில் பணியேற்றார். (எம்.டி., பிஎச்.டி. பட்டம் எதையும் இவர் படித்துப் பெறவில்லை என்று அறிந்து நாங்கள் வியந்தோம்!)

அந்நாளில் மஞ்சள் காய்ச்சல் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உயிர்களைக் குடித்துவந்தது. இது நம் ஊர் மஞ்சட்காமாலை அன்று. கொசுவால் பரவும் கொடிய நோய். இதை ஆராய இந்தியாவிலிருந்து குரங்குகளை வரவழைத்தனர். செலவோ அதிகம். தைலர் அவ்வைரஸைச் சுண்டெலியின் மூளையில் செலுத்திப் பார்த்தார். கல்லீரல் கெடவில்லை, மூளைக்காய்ச்சல் கண்டு எலி இறந்தது. 1929இல் அந்நோய் அவரையே பற்றியது. நல்லவேளையாகப் பிழைத்தார்.

1930இல் நியூயார்க்கில் ராக்பெல்லர் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே எளிய சோதனை ஒன்றை வகுத்தார். மனிதரின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை வைரஸுடன் கலந்து எலிக்குச் செலுத்துவர். எலி பிழைத்தால் அம்மனிதருக்கு நோயெதிர்ப்புச் சக்தி உண்டு, இறந்தால் இல்லை. இதைக் கொண்டே எந்தெந்த ஊர்களில் நோய் வந்துபோயிற்று என்று கணக்கிட்டனர். 1937இல், உடன் உழைத்தோருடன் சேர்ந்து 17டி தடுப்பூசியை உருவாக்கினார். 1951இல் நோபல் பரிசு வந்தது.

எங்களை அதிகம் சிந்திக்க வைத்தது வேறொன்று. ஆய்வுக்கூடத்து எலிகள் சில தாமாகவே பின்னங்கால் முடங்கிக் கிடந்ததைக் கண்டு, அதற்குக் காரணமான புதிய வைரஸை 1934இல் தைலர் அறிவித்தார். சிலவகை எலிகளின் வெள்ளணுக்கள் அதை விரைவில் ஒழித்துவிடுகின்றன. வேறு சிலவற்றில் வைரஸ் தண்டுவடத்தில் தங்கிவிடுகிறது. அதை எதிர்க்க வரும் வெள்ளணுக்களே நரம்பின் மேலுறையைச் சிதைத்துவிடுகின்றன. காவலுக்கு வந்தவன் வீட்டையே இடிப்பதுபோல! மனிதருக்கு வரும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயிலும் அதே உறைதான் சிதைகிறது.

தைலர் 1972இல் மறைந்தார். அவர் பெயரையே தாங்கிய அந்த எலி வைரஸை வைத்துத்தான் ஆய்வாளர்கள் இன்றும் அந்நோயை ஆராய்கின்றனர்.